பொருத்தனைப் பிள்ளை

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு ஒரு மாதம் வரை வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அத்தனை பெரிய ஆள் போன வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது, விளக்கைப் போட்டால் எரிந்தது. பிறகு ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம், அம்மாவின் அறையில், யாரோ முணுமுணுப்பது கேட்டது.

மேல்வீட்டு ரேடியோ என்றுதான் முதலில் நினைத்தாள். துண்டைக் கையில் பிடித்தபடி சுவரோரம் போய் நின்றாள். வார்த்தைகள் பிடிபடவில்லை. அரிசியில் கல் தட்டுப்படுவது போல இடையிடையே ஒரு சொல் மட்டும் தட்டுப்பட்டது. "உமக்குத்தான்... உமக்குத்தான்..."

மணி மூன்று. அம்மா உயிரோடிருந்தவரை ஒருநாளும் தவறாமல் முழங்காலில் நின்ற நேரம்.

கதவைத் திறந்து பார்த்தாள். கட்டில் இருந்தது. போர்வை மடித்தபடியே இருந்தது. முழங்காலுக்கு அம்மா போட்டுக்கொள்ளும் தட்டையான தலையணை தரையில் கிடந்தது. சத்தம் இல்லை. கதவைச் சாத்தினாள். மறுபடி தொடங்கியது.

சபையில் அவளுக்குப் பெயரே பொருத்தனைப் பிள்ளைதான், கடவுளுக்கு நேர்ந்துவிட்டவள். நாற்பதைத் தாண்டி முன்தலையில் வெள்ளி விழுந்த பிறகும் பிள்ளைதான். கதை எல்லோருக்கும் தெரியும். ஆண்டுதோறும் நன்றி ஆராதனையில் அவளே எழுந்து சாட்சியாகச் சொல்லுவாள். பிறந்தபோது அவள் உடம்பெல்லாம் நீலம் பாரித்து மூச்சில்லாமல் இருந்தாளாம். தாதி உதட்டைப் பிதுக்கிவிட்டாளாம். அம்மா படுத்த இடத்திலிருந்தே கையை உயர்த்தி, "உயிரை மட்டும் குடும் ஆண்டவரே, இது உமக்குத்தான், நான் உரிமை கொண்டாட மாட்டேன்" என்று பொருத்தனை பண்ணினாளாம். அந்த நிமிடமே குழந்தை மூச்செடுத்ததாம். இந்த இடம் வரும்போதெல்லாம் முன்வரிசையில் அம்மா கண்ணைத் துடைப்பாள். பின்வரிசையில் அப்பா செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்பா வாயில்லாப் பூச்சி. அவரும் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன.

கடவுளுக்கென்று பிரித்து வைத்ததை எடுத்துப் புழங்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அதனால் அவளுக்கு நகை இல்லை, சினிமா இல்லை, வீட்டுக்கு வந்து போகும் தோழிகள் இல்லை. மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்த ஒருவர், சபைக்காரர்தான், நல்ல மனிதர், ஒருமுறை முறைப்படி வீட்டுக்கு வந்து பெண் கேட்டார். "இவ எனக்கே சொந்தம் இல்ல தம்பி, உங்களுக்கு எப்படித் தருவேன்?" என்று அம்மா அவரைத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டாள். அவள் அழவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் அம்மா அவளை ஊழியத்துக்கும் அனுப்பவில்லை. தொலைதூரத்து அநாதை இல்லத்துக்குப் போகிறேன் என்று அவள் கேட்டபோது, "என்னை யார் பாத்துக்குவா?" என்றாள். ஆக, பரணில் ஏற்றி வைத்த புதுப் பானைபோல அவள் காலம் போயிற்று. கரியும் படியவில்லை, உலையும் கொதிக்கவில்லை.

வேலை மட்டும் இருந்தது. மருத்துவமனையில் காது சோதிக்கும் பிரிவு. சத்தம் புகாத சின்ன அறை, கனத்த இரட்டைக் கதவு, சுவரெல்லாம் மெத்தை. நோயாளி உள்ளே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவார். அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கருவியின் முன்னால் இருந்து பொத்தானை அழுத்தி, கீச்சென்றும் உம்மென்றும் ஒலிகளை அனுப்புவாள். "எவ்வளவு சின்னதா இருந்தாலும் பரவால்ல, சத்தம் கேட்டா கையத் தூக்குங்க. கேக்காட்டி சும்மா இருங்க." இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லுவாளோ. கேட்காத ஒலிக்கும் கை தூக்கும் ஆட்கள் உண்டு. செவிடு என்று பெயர் வாங்க யாருக்கும் விருப்பமில்லை.

அடுத்த வாரம், ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவில், ஹெட்போனைத் துடைத்து வைக்க அந்த அறைக்குள் போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மூன்று மணி. வெளியே இடி விழுந்தாலும் கேட்காத அந்த அறையில், பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருப்பது போல, அம்மா ஜெபித்தாள்.

துடைத்த துணியைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். காது மருத்துவரிடம் போய், தனக்கு ஏதோ இரைச்சல் கேட்பதாக மட்டும் சொன்னாள். அவர் சோதித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்க காது பாம்புக் காதும்மா. ஊர்ல இருக்கற காதையெல்லாம் பாத்துப் பாத்து உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கு. நல்லாத் தூங்குங்க."

தூக்கத்துக்குக் குறைவில்லை. பகலில்தான் பயம். மூன்று மணி நெருங்கும்போது வீட்டில் இருந்தால் சுவருக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். தன்னைத்தான் கடவுளிடம் மறுபடி மறுபடி ஒப்புக்கொடுக்கிறாள் அம்மா, செத்த பிறகும் கை எடுக்க மனமில்லை என்று நினைத்துக்கொண்டாள். அவளுடைய சொந்த ஜெபம் நின்றுபோயிற்று. வாயைத் திறந்தால் அம்மாவின் வார்த்தைகள்தான் வந்தன.

அப்படி இருக்கும்போதுதான் அண்ணன் வந்தான்.

அவளுக்கு எட்டு வயது மூத்தவன். பதினேழு வயதில் வீட்டை விட்டு ஓடி, சரக்குக் கப்பலில் பாத்திரம் கழுவி, இப்போது அதில் தலைமைச் சமையல்காரன். அப்பா சாவுக்கு ஒருநாள் வந்துபோனான். அம்மா சாவுக்கு வர முடியவில்லை, கப்பல் நடுக்கடலில் இருந்தது. வீட்டில் அவன் பேரை எடுக்கக் கூடாது. அம்மாவுக்கு அவன் "அந்த ஊதாரி", அவ்வளவுதான்.

பையைக் கூடத்தில் போட்டுவிட்டு நேராக அடுக்களைக்குப் போனான். அவள் வைத்திருந்த சூப்பைக் கரண்டியில் எடுத்து நக்கிப் பார்த்தான்.

"இத மனுஷன் குடிப்பானா? உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல. இதுக்கு உபவாசம் இருக்கறதே தேவல."

"சத்தமாப் பேசாதண்ணா. நான் பக்கத்துலதான் நிக்கறேன்."

"என்ன?"

"கத்தாதங்கறேன்!"

"கப்பல்ல இன்ஜினுக்கு மேலதான் சமையல்கட்டு. கத்தினாத்தான் எனக்கே நான் பேசறது கேக்கும்."

அவள் சிரித்தாள். அம்மா போன பிறகு சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்ததும் என்னவோ கட்டு அவிழ்ந்த மாதிரி ஆகி, யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொல்லிவிட்டாள். கேலி செய்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"மூணு மணிக்கா?"

"நான் நேரம் சொல்லவே இல்லியே."

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"எனக்கும் கேக்கும். அவங்க உயிரோட இருந்தப்பவே கேக்கும். ஓடிப்போன மறுநாள்லேருந்து. கப்பல் எந்த மூலையில இருந்தாலும் சரி, அங்க காலையோ ராத்திரியோ, இங்க மூணு அடிச்சா என் காதுல வந்துரும். குடிச்சுப் பாத்தேன். ரெண்டு மடங்காக் கேட்டுச்சு. அப்பறம் ஒருநாள் வெங்காயம் நறுக்கிட்டு இருந்தேன், நேரமாச்சு, வரல. மறுநாளும் வரல. அம்மா போயிட்டாங்கன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. உன் தகவல் அதுக்கப்பறம்தான் வந்துது." அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "எங்கடா போச்சுன்னு நெனச்சேன். உன்கிட்ட வந்திருக்கு."

"உனக்கு எதுக்கு அம்மா குரல் கேக்கணும்? பொருத்தனை நான்தான?"

"இல்லடா. அது நான்."

அவளுக்குப் புரியவில்லை.

"நீலமாப் பொறந்தது நான். மூச்சு இல்லாம இருந்தது நான். எனக்காகத்தான் அம்மா கையத் தூக்கினாங்க. விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து நான் ஆண்டவரோட பையன். பந்து வெளயாடினாக்கூட, 'இந்தக் கால் ஒன்னோடது இல்ல'ம்பாங்க. மூச்சு முட்டிச்சு. ஓடிட்டேன். கடவுளுக்குக் குடுத்த வாக்கு, அம்மா வெறுங்கையோட எப்படி அவர் முன்னால போய் நிக்கறது? வீட்ல மிச்சம் இருந்தது நீ."

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வருடம்தான் அம்மா பழைய சபையை விட்டு இந்தச் சபைக்கு வந்தாள், அவள் படுக்கையையும் தன் அறைக்கு மாற்றினாள். அந்த வருடம்தான் அந்தக் கதையை முதல்முதலாகச் சொன்னாள். விளக்கணைத்த பிறகு, அவள் தலையை வருடிக்கொண்டே. நீ பிறந்தபோது நீலமாக இருந்தாய் என்று. அந்தக் கையின் சூடு இன்னும் நினைவிருக்கிறது. அத்தனை அன்பான கை.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம? அவர்தான் துறைமுகத்துக்கு ஆள் விட்டு எனக்குச் சொன்னாரு. 'உங்கம்மா உனக்குப் பதிலாத் தங்கச்சிய எடுத்து வெச்சுட்டா, நீ வந்துரு'ன்னு." அவன் குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது. "நான் வரல."

அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்து, கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள். திரும்பாமலே கேட்டாள்.

"அப்ப நான் எப்படித்தான் பொறந்தேன்?"

"நீயா?" அவன் முகத்தில் பழைய பையன் எட்டிப் பார்த்தான். "ஆஸ்பத்திரிப் படியேறும்போதே பொறந்துட்ட. நல்லா செக்கச்செவேல்னு. நீ கத்தின கத்துல வாசல்ல நின்ன காவலாளி தீப்பிடிச்சிருச்சுன்னு மணியடிச்சுட்டான். அப்பா என்னைத் தூக்கிக் காட்டி, 'பாத்தியாடா, இவகிட்ட நம்ம பருப்பு வேகாது'ன்னு சொன்னாரு. அன்னிக்கு அப்பா சிரிச்ச மாதிரி அப்பறம் நான் பாத்ததே இல்ல."

அவள் ஈரக் கையோடு நின்று அழுதாள். எந்த அழுகை என்று அவளுக்கே தெரியவில்லை. அம்மா செத்ததற்கு அழாத அழுகையும் அதில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நன்றி ஆராதனை. ஒவ்வொரு வருடமும் போல போதகர் புன்னகையோடு அவள் பக்கம் கையை நீட்டினார். எழுந்து நின்றாள். மொத்தச் சபையும் ஏற்கெனவே கண்ணைத் துடைக்கத் தயாராக இருந்தது. தான் சொல்லவேண்டிய வரிகள் வாய்க்குள் வரிசையாக நிற்பது அவளுக்குத் தெரிந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை. கடைசியில், "நான் பொறந்தப்போ எனக்கு மூச்சு இருந்துச்சு. நல்லா சத்தமா அழுதேன். தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். யாரோ பழக்கதோஷத்தில் "ஆமென்" என்றார். வெளியே வரும்போது போதகரின் மனைவி அவள் கையைப் பிடித்து, "அம்மா போன துக்கம், பாவம்" என்றாள்.

அன்று பிற்பகல் அம்மாவின் அறைக் கதவை விரியத் திறந்துவைத்து நடுவில் நின்றாள். "அம்மா, நான் உங்க பொருத்தனை இல்ல. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. விட்டுருங்க" என்றாள். மூன்று மணிக்கு, கதவு திறந்திருந்தும், குரல் வந்தது. அறையிலிருந்து அல்ல, அவள் பின்கழுத்திலிருந்து. உமக்குத்தான், உமக்குத்தான். முன்பைவிட வேகமாக, கை நழுவுகிற பொருளை இறுக்கிப் பிடிக்கிறவள் போல. அவள் செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள். பயந்து ஓடினாளே தவிர, நடைபாதையில் நின்று மூச்சு வாங்கும்போது அவளுக்கு வந்தது கோபம். அம்மாவின் மேல் இல்லை. இத்தனை வருடமும் தனக்கென்று கொண்டுவந்து வைத்ததை வேண்டுமென்றோ வேண்டாமென்றோ ஒரு வார்த்தை சொல்லாத கடவுளின் மேல்.

மறுநாள் அண்ணனைத் தன்னோடு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். அவன் கத்திப் பேசுவது எல்லை மீறிப்போயிற்று, காதை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று. "யாருக்குக் காது குத்தற? நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று வழியெல்லாம் முரண்டு பிடித்தான். நோயாளிகள் எல்லோரையும் அனுப்பிய பிறகு அவனை அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டாள். இரட்டைக் கதவைச் சாத்தினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் சாதுவாக உட்கார்ந்திருந்தான். தாழ்ந்த ஒலிகளுக்கு உடனே கை தூக்கினான். உச்ச ஒலிகள் அவனுக்குக் கேட்கவே இல்லை. நினைத்ததைவிடக் காது மோசமாகியிருந்தது. அவள் குறித்துக்கொண்டு, வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றுவதற்காகப் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். அப்போது சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டது.

மூன்று.

வழக்கம்போல அவள் பின்கழுத்து விறைத்தது. காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. வெளித் தாழ்வாரத்தில் யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. அவ்வளவுதான். நிமிர்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

அண்ணன் கையைத் தூக்கியிருந்தான்.

கருவியைப் பார்த்தாள். எந்த ஒலியும் போகவில்லை. இரண்டு கைகளையும் தூக்கி, தான் எதையும் அழுத்தவில்லை என்று அவனுக்குக் காட்டினாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. தலையைச் சற்றுச் சாய்த்து, தூக்கிய கையைத் தாழ்த்தாமல், பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்ட பிள்ளைபோல உட்கார்ந்திருந்தான். உதடு அசைந்தது. அந்த அறையிலிருந்து ஒரு சொல்லும் வெளியே வராது. கண்ணீர் தாடையிலிருந்து சொட்டுவதை மட்டும் பார்த்தாள். கதவுப் பிடியில் கை வைத்தாள், திறக்கத் துணிவில்லை. வைத்தபடியே நின்றாள்.

கடைசியில் அவனே ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தான்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல."

"அண்ணா."

அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். "எப்பவும் சொல்றதச் சொல்லல. ஆண்டவர்கிட்ட திருப்பிக் குடுங்கன்னு கேக்கறாங்க. கெஞ்சறாங்க."

"யார?"

"உன்னத்தான். மாத்தி வெச்சுட்டேன், திருப்பிக் குடுங்கன்னு. நானும் சேந்து கேட்டேன்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அண்ணன் சின்ன வயதிலிருந்தே வாய்கூசாமல் பொய் சொல்லுகிறவன். அவளைச் சமாதானப்படுத்த இதையும் சொல்லியிருப்பான். ஆனால் தூக்கிய அந்தக் கை? கேட்காத ஒலிக்குக் கை தூக்குகிறவர்கள் ஆயிரம்பேரை அவள் பார்த்திருக்கிறாள். அவர்கள் அவள் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துத்தான் தூக்குவார்கள். அவன் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு அந்தக் குரல் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்கிறதா என்று அவள் கேட்கவுமில்லை. விடுமுறை முடிகிறவரை அம்மாவின் அறையில்தான் படுத்தான். மூன்று மணிக்குக் கடைக்குப் போகிறேன், நடந்துவிட்டு வருகிறேன் என்று எதையாவது சொல்லி வெளியேறிவிடுவான்.

நிம்மதி வரவில்லை. திருப்பிக் கொடுக்கப்பட்டவள் எங்கே போவது? அவளை இனி யாரும் கட்டிப்போடவில்லை. சினிமாவுக்குப் போகலாம். தோடு வாங்கலாம். கடைக்குப் போய்த் தோடுகளைப் பார்க்கவும் பார்த்தாள், அழகாகத்தான் இருந்தன, வைத்துவிட்டு வந்தாள். மருந்தகத்து மனிதருக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பள்ளி முடித்துவிட்டார்கள். அந்த வருடங்களை யாராலும் திருப்பித் தர முடியாது. சில நாள் வேலை முடிந்து வரும் வழியில், இப்போது தன்னை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று யோசித்தால் முதுகு கூசும். முன்பெல்லாம் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அம்மாவின் தோளுக்கு மேலாகத்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

அண்ணன் கப்பலுக்குத் திரும்ப இரண்டு மூன்று நாள் இருந்தபோது, ஒரு காலை, வேலைக்குக் கிளம்பிப் பையைத் தோளில் மாட்டிய பிறகு, அவளுக்கு என்ன தோன்றிற்றோ, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முழங்காலிடவில்லை. கண்ணை மூடவில்லை.

"ஆண்டவரே," என்றாள் வாய்விட்டு. அம்மாவின் வார்த்தைகள் வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. அதனால் தானே தேடிப் பேச வேண்டியிருந்தது. "நான்தான். இந்தத் தடவ யாரும் என்னக் கொண்டுவரல. நானே வந்திருக்கேன். உமக்கு வேணுமான்னு தெரியல. எனக்கு வேற எடம் தெரியாதுன்னு வரல. யோசிச்சுப் பாத்துட்டுத்தான் வந்திருக்கேன். கோவம் இருக்கு. அதோடதான் வந்திருக்கேன்."

அம்மாவின் அறையில் ஏதோ விழுந்து உடைந்தது. கதவு படாரென்று திறந்தது. அண்ணன் பாதி முகத்தில் சவர நுரையோடு நின்றான். மறுபாதி சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"நீயா பேசின?"

"நான்தான்."

"அம்மா மாதிரியே இருந்துச்சு."

"அம்மா இல்லண்ணா. நான்தான் பேசினேன். போய் முகத்தக் கழுவு."

அவன் நம்பாதவன்போல அவளையும் காலியான கூடத்தையும் பார்த்தான். பிறகு உள்ளே போய் உடைந்த கண்ணாடியைப் பெருக்கினான்.

அவள் வேலைக்குப் போனாள். அன்று முதலில் வந்தது ஒரு கிழவர். நாற்றம் தாங்காது. அழுக்குச் சட்டை, சீழ் வடியும் காது, துணைக்கு ஆளில்லை. கடவுளுக்கென்று பிரித்து வைத்ததில் அழுக்குப் படக் கூடாது என்ற அம்மாவின் சட்டப்படி இப்படிப்பட்டவர்களை அவள் கையுறை போட்டு, மூச்சைப் பிடித்து, வேலை முடிந்ததும் அனுப்பிவிடுவாள். அன்று செவிலி வரும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் தன் செத்துப்போன மகனைப் பற்றிச் சம்பந்தமில்லாமல் என்னென்னவோ சொன்னார். அவர் அழுத்திப் பிடித்திருந்த கையை அவள் இழுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் அவரை எந்த வார்டில் சேர்த்தார்கள் என்று விசாரித்துப் போய்ப் பார்த்தாள்.